படிவம் ஏழு

எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கி
சாம்பல் லாரிகள் போகும் பாதையில்
இருபது நிமிடம்.
கேட் என்று ஒன்று கிடையாது.
இரண்டு தூண்கள்,
நடுவில் ஒரு கழுதை.

படிவம் ஏழில் ஐந்து கட்டங்கள்:
வரிசை எண், பெயர், ஆண்டு, கல்லின் நிலை,
பிரபலமானவரா: ஆம் / இல்லை.
ரோடு அகலமாகப் போகிறது.
'ஆம்' என்றால் எலும்போடு கல்லையும்
வேறிடம் கொண்டுபோய் வைப்பார்கள்.
'இல்லை' பற்றிச்
சுற்றறிக்கையில் ஒன்றும் இல்லை.

முதல் கல் சுலபம்.
உப்பு இலாகா சூப்பிரண்டு, 1871.
காய்ச்சலில் செத்ததைப்
பதினாலு வரி இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார்கள்.
உச்சியில் நிற்கும் தேவதூதனுக்கு
மூக்கும் போய்விட்டது, எக்காளமும் போய்விட்டது.
அனல்மின் நிலையத்துச் சாம்பல்
இரண்டு தோளிலும் அரை அங்குலம்.
ஆம்.

அடுத்து, எபனேசர் தங்கையா.
சிமெண்டில் வார்த்த இரண்டு பாக்ஸிங் கையுறை,
ஒன்றுக்குள் குளவிக்கூடு.
'ஏழாம் ரவுண்டில் கப்பல்காரனைச் சாய்த்தவர்'
என்கிறது கல்.
"சாஞ்சது இவருதான் சார்,
கல்லு வெச்சது இவரு மச்சான்"
என்கிறாள் விண்ணரசி.
குழி வெட்டுவதும் கூட்டுவதும் அவள்தான்.
சம்பளம் எப்போதாவது.
பேனா கொஞ்சம் நின்றது.
கையுறைக்காக ஆம் போட்டேன்.

வெயில் ஏறியது.
ஆற்றுப் பக்கமிருந்து
சேறும் டீசலும் கலந்த காற்று.

செட்ரிக் ரோசாரியோ, எஞ்சின் டிரைவர்.
பாலம் உடைந்த மழை ராத்திரியில்
வண்டியை நிறுத்தி முந்நூறு பேரைக் காத்தவர்.
வெள்ளைப் பளிங்கு, இருவர் படுக்கும் அகலம்.
இடது பக்கம் அவர்: 1919 – 1961.
வலது பக்கம்
மனைவி டோரீன்: 1924 –

அந்தக் கோட்டுக்கு அப்புறம்
வழவழவென்று கல்.

"அந்தம்மா பெர்த்துக்குப் போயிட்டாங்க.
அங்கியே முடிஞ்சிடுச்சாம்."
அப்படியானால் இந்தப் பாதி காலி
என்று எழுதப் போனேன்.
விண்ணரசி துடைப்பத்தின் ஈர்க்குகளைத்
தரையில் தட்டித் தட்டிச் சமன் செய்தாள்.
பிறகு
"காலியில்ல சார்" என்றாள்.
"எங்கம்மா இருக்குது."

பதினஞ்சாம் வருஷம், டிசம்பர்.
ஊரெல்லாம் தண்ணி, பொணத்தைப் படகில் வைத்து
ரெண்டு நாள் சுற்றியிருக்கிறார்கள்.
மேடு இது ஒன்றுதான்.
வெட்ட வெட்டத் தண்ணி ஊறியது.
டோரீனுக்காகக் கட்டி வைத்த செங்கல் அறை மட்டும்
காய்ந்து கிடந்தது.

பேர் மரியசெல்வம்.
இடுப்பளவு ஆற்றில்
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
கையால் துழாவி இறால் பிடித்தவள்.
சுடுதண்ணி திறந்துவிட்ட நாளில்
கால் வெந்து, மறுநாளும் இறங்கினாளாம்.

பிரபலமா?
"இறாலுக்கெல்லாம் தெரியும்" என்று சிரித்தாள்.
சிரிப்பு பாதியில் நின்றது.

உள்ளதை எழுதினால் ஆக்கிரமிப்பு.
காலி என்று எழுதினால்
ஒரு நாள் ஜேசிபி வரும்.
பதினெட்டு வருஷ சர்வீசில்
மீட்டர் கணக்கில்கூடப் பொய் எழுதியதில்லை நான்.

பெயர்: டோரீன் ரோசாரியோ.
ஆண்டு: 1924, கோடு, 2015.
கல்லின் நிலை: நன்று.
ஆம்.

படிவத்தில் விழுந்த சாம்பலை ஊதினேன்.
மை இழுபட்டு
பதினைந்துக்கு ஒரு வால் முளைத்தது.

"இன்னா எழுதினீங்க?"
சொன்னேன்.
ரொம்ப நேரம் அந்த வழவழப்பைப் பார்த்தாள்.
"அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது சார்.
புது எடத்துல யாராச்சும்
டோரீன்னு கூப்ட்டா
திரும்பிக்கூடப் பாக்காது."

கும்மிடிப்பூண்டி லோக்கல் போனது.
பளிங்கு லேசாக அதிர்ந்தது, இரண்டு பக்கமும்.

இன்னும் நூற்றுப் பதினோரு கல்.
அடுத்ததில் எழுத்தே இல்லை.
நான் குனிந்தேன்.
அவள் துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து
அடிக்கட்டையால் பாசியைச் சுரண்டத் தொடங்கினாள்.